எல்லோருக்கும் தலைமடை கிடைக்காது: சுவிட்ச் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஐபி போனில் குரல் வெட்டி வெட்டி வருகிறது, சுவிட்சில் எந்த எண்ணைப் போட்டால் சரியாகும்? போன தடவை சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். எழுதும்போது சுவிட்ச் மாடல், அப்லிங்க் (ஒரு சுவிட்சை அடுத்ததோடு இணைக்கும் கம்பி) வேகம், அந்தப் போர்ட்டின் டிராப் கவுன்ட்டர் (இடமில்லாமல் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "24 போர்ட், கறுப்புக் கலர்" என்று எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பெருந்துறை, பிராசஸிங் யூனிட்: சுவிட்சில் க்யூஓஎஸ் ஆன் செய்தால் நெட் ஸ்பீடு கூடுமா?

கூடாது. இருக்கிற பாதையில் யார் முன்னால் போவது என்பதை மட்டும்தான் அது முடிவு செய்யும். பாதையில் நெரிசலே இல்லை என்றால் அதற்கு வேலையும் இல்லை.

கோவை பீளமேடு, கால் சென்டர்: பழைய சிஸ்கோ 2960 சுவிட்சுகள். யூடியூப் பார்த்து க்யூஓஎஸ் ஆன் செய்தோம். அதுவரை சுமாராக இருந்த குரல் இப்போது கேட்கவே முடியவில்லை. அப்படியென்றால் க்யூஓஎஸ் என்பதே ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, பாதி வேலையோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தலைமுறைச் சுவிட்சில் 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' என்று ஒரு வரி அடித்ததுமே எல்லாப் போர்ட்டும் நம்பிக்கை இல்லாத போர்ட் ஆகிவிடும். போன் தன் குரல் பாக்கெட்டில் ஒழுங்காக 46 (குரலுக்கான டிஎஸ்சிபி, அதாவது முன்னுரிமை எண்) என்று முத்திரை குத்தி அனுப்பினாலும், சுவிட்ச் அதை அழித்து 0 ஆக்கி அனுப்பும். போதாக்குறைக்கு, அதுவரை மொத்தமாக இருந்த பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) 4 க்யூவுக்கு (வரிசைக்கு) பங்கு பிரிந்துவிடும். முத்திரையும் போய், இடமும் சுருங்கினால் குரல் கெடாமல் என்ன செய்யும்?

போன் இருக்கும் போர்ட்டிலும், அப்லிங்கின் இரண்டு முனையிலும் டிஎஸ்சிபி ட்ரஸ்ட் (வந்த முத்திரையை அப்படியே நம்பு என்ற கட்டளை) போடுங்கள். இதை முதலில் செய்துவிட்டு, அப்புறம்தான் அந்த ஒற்றை வரி. இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் பேசுவது வாடிக்கையாளருக்குத் தெளிவாகக் கேட்டு, அவர் பேசுவது மட்டும் உங்களுக்கு வெட்டினால், பிபிஎக்ஸ் சர்வர் (அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) செருகிய போர்ட்டை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். குரல் இரண்டு திசையில் போகிறது. முக்கால்வாசிப் பேர் ஒரு திசைக்கு மட்டும் செட்டிங் போடுகிறார்கள். புதிய கேட்டலிஸ்ட் 9000 வரிசையில் ட்ரஸ்ட் தானாகவே இருக்கும், அதற்கு இந்தப் பதில் பொருந்தாது. இதற்காகத்தான் மாடல் எழுதச் சொல்கிறேன். முடித்ததும் சேவ் செய்யுங்கள்.

கரூர், ஹோம் டெக்ஸ்டைல்: பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் 184 என்று வருகிறது. நான் போட்டது 46. சுவிட்ச் மாற்றுகிறதா?

மாற்றவில்லை. டிஎஸ்சிபி 6 பிட், அது உட்கார்ந்திருக்கும் பைட் 8 பிட். பழைய கருவிகள் முழு பைட்டையும் காட்டும். 46-ஐ 4-ஆல் பெருக்குங்கள்.

அதே கரூர், வேறு வாசகர்: சிஓஎஸ் போடுவதா, டிஎஸ்சிபி போடுவதா?

ஆபீஸ் நெட்வொர்க் என்றால் டிஎஸ்சிபி. சிஓஎஸ்ஸும் முன்னுரிமை எண்தான், ஆனால் அது விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வொர்க்) டேக்குக்குள் இருக்கும் 3 பிட். டேக் கழன்றால் அதுவும் கூடவே போய்விடும். கம்ப்யூட்டர் செருகும் ஆக்சஸ் போர்ட்டில் டேக்கே கிடையாது, அங்கே சிஓஎஸ் எப்படி இருக்கும்? டிஎஸ்சிபி ஐபி தலைப்பில் உட்கார்ந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகும், நடுவில் யாரும் அழிக்காதவரை. இரண்டுக்கும் நடுவே மேப் (எந்த எண் எதற்குச் சமம் என்ற அட்டவணை) இருக்கிறது. 46-ஐ பைனரியில் எழுதினால் 101110, அதன் முதல் மூன்று பிட் 101, அதாவது 5. அதனால்தான் குரலுக்கு எல்லோரும் சிஓஎஸ் 5 என்கிறார்கள். உங்கள் சுவிட்சில் 5 எந்த க்யூவுக்குப் போகிறது என்று ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சென்னிமலை, கைத்தறி ஏற்றுமதி: பேக்கப்புக்கு சிஓஎஸ் 0, ஈஆர்பிக்கு (பில், சரக்குக் கணக்கு மென்பொருள்) 1 கொடுத்தேன். ஈஆர்பி முன்பைவிட மோசம்.

0-வைவிட 1 பெரியது என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். ஐஇஇஇ என்ற தர அமைப்பின் வரிசையில் 1 என்பது பின்னணி வேலைக்கானது, சாதாரண 0-க்கும் கீழே. இரண்டையும் இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஈஆர்பிக்கு 3 கொடுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி: போன், கேமரா, முதலாளி அறை, ஈஆர்பி சர்வர் எல்லாவற்றையும் 7-ல் வைத்து ஸ்டிரிக்ட் ப்ரியாரிட்டியும் போட்டாகிவிட்டது. அப்படியும் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பேக்கிங் செக்‌ஷனில் பில் போட்டால் ஸ்கிரீன் தொங்குகிறது, போனும் வெட்டுகிறது. 7-க்கு மேல் எண் உண்டா சார்?

இல்லை. இருந்திருந்தால் அதையும் எல்லாவற்றுக்கும் போட்டிருப்பீர்கள்.

ஊர் பெயர் மட்டும் மாறி இந்தக் கடிதம் வருடம் முழுக்க வருகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைப் பக்கம். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்குப் பாய வேண்டிய வாய்க்கால் அது. எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் ததும்பும், எங்கள் வயலில் புழுதி பறக்கும். அதனால்தான் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று முறை வைத்தார்கள். ஸ்டிரிக்ட் ப்ரியாரிட்டி என்பது முறையே இல்லாத தலைமடை. மேல் க்யூவில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தாலும் அது போன பிறகுதான் கீழ் க்யூவைத் திரும்பிப் பார்க்கும். மேல் க்யூ காலியாகவே இல்லை என்றால் கீழ் க்யூவுக்குக் கடைசிவரை தண்ணீர் வராது. முறை வைத்து விடுவதுதான் வெயிட்டட் ரவுண்ட் ராபின்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ரோட்டைத் தாண்டிப் போகும் ஃபைபரின் இரண்டு முனையிலும் 100 எம்பிபிஎஸ் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) என்று கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ முக்கியமில்லாத விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். என்விஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) பேக்கிங் பக்கம், கேமராக்கள் 22 இந்தப் பக்கம் என்றும் இருக்கிறது. 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தால் ஏறக்குறைய 90. நூறில் தொண்ணூறைக் கேமராவே குடித்துவிடுகிறது, அதுவும் தலைமடையில் உட்கார்ந்துகொண்டு. மிச்சம் பத்தில் பில், பிரிண்ட், மெயில் எல்லாம். போன் ஏன் வெட்டுகிறது? அதுவும் கேமராவும் ஒரே க்யூவில் நிற்பதால்தான். கேமரா சீராக அனுப்புவதில்லை. முழுப்படம் அனுப்பும் நொடியில் ஒரே மூச்சில் கொட்டும். அந்தக் கொட்டலுக்குப் பின்னால் நிற்கிறது உங்கள் குரல் பாக்கெட். முதல் பந்தியில் ஊரையே உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை இல்லை என்று சொன்ன கதை.

குரலுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு அழைப்புக்கு, தலைப்பெல்லாம் சேர்த்து, ஒரு திசையில் 90 கேபிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 30 பேர் பேசினாலும் 3 எம்பிபிஎஸ் தாண்டாது. இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அதைத் தைரியமாகத் தலைமடையில் வைக்க முடிகிறது. ஸ்டிரிக்ட் க்யூ மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது துறையில் பழைய கணக்கு. நான் பத்தில் ஒரு பங்குக்கே நிறுத்திவிடுவேன், வரம்பும் போட்டுவிடுவேன்.

7-ஐப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. 6-ம் 7-ம் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருப்பவை. ஸ்பேனிங் ட்ரீ (பாதை லூப் ஆகிப் பாக்கெட் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுப்பது) செய்தி போகும் க்யூவில் கேமராவைக் கொட்டினால், அந்தச் செய்தி தாமதமாகும் அல்லது விழும். ரேபிட் ஸ்பேனிங் ட்ரீயில் 2 வினாடிக்கு ஒன்றாக வர வேண்டிய செய்தி 3 முறை வராவிட்டால், 6 வினாடியில் அடைத்து வைத்திருந்த போர்ட் திறந்துகொள்ளக்கூடும். லூப் வந்தால் அப்புறம் பில்லும் இல்லை, போனும் இல்லை, கேமராவும் இல்லை.

முதலாளி அறை விஷயம். எனக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. பல வருடம் முன்பு ஒரு மில்லில், கேட்டார் என்பதற்காக அவர் போர்ட்டை மேல் க்யூவில் வைத்தேன். அவருடைய லேப்டாப் பேரன் பிறந்தநாள் வீடியோவை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியது. மதியம் 3 மணி வரை எடைமேடையிலிருந்து ஒரு சீட்டு வரவில்லை, கேட்டுக்கு வெளியே லாரிகள். அவருக்கு வேகம் வேண்டாம், மரியாதைதான் வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் "போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு 0-விலேயே விட்டுவிடுகிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆக, இப்படி மாற்றுங்கள். குரல் 46, ஸ்டிரிக்ட், வரம்போடு. போன் சிக்னலிங்கும் (அழைப்பை இணைக்கும் செய்திகள்) ஈஆர்பியும் அடுத்த க்யூ. மற்றவை 0. கேமராவுக்குத் தனி க்யூ. குரல் நீங்கலாக இந்த மூன்றுக்கும் எடை 4:2:2 வைத்துத் தொடங்கிப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் அந்த மீடியா கன்வெர்ட்டர் ஜோடியைக் கழற்றிவிட்டு ஜிகாபிட் போடுங்கள். ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது, செலவு சில ஆயிரம். பாதையை அகலப்படுத்த முடிகிற இடத்தில் முறை வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. சேவ் செய்ய மறக்காதீர்கள்.

ஈரோடு, மருத்துவமனை: சிடி ஸ்கேன் படம் ஸ்லோ. என்ன ப்ரியாரிட்டி போடலாம்?

இவ்வளவுதான் கடிதம். ஸ்லோ என்றால் எவ்வளவு? எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு? நேற்றுவரை சரியாக இருந்ததா? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள்" என்றால் உங்கள் மருத்துவமனையில் கொடுப்பார்களா?

இருந்தாலும் ஒரு ஊகம் சொல்கிறேன். அந்தப் போர்ட் 1000-ல் இருக்கிறதா, 100-ல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் 4 ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அப்புறம் சிஆர்சி பிழை எண் (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை). அது ஏறிக்கொண்டே இருந்தால் கேபிள்தான் நோயாளி. செம்பு என்று சொல்லி அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிளை இழுத்துவிட்டுப் போகிறார்கள். எடை போட்டுப் பார்த்தாலே தெரியும். கெட்ட கேபிளுக்கு எந்த ப்ரியாரிட்டியும் மருந்தாகாது. கவுன்ட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பொள்ளாச்சி, தென்னை நார் ஏற்றுமதி: வெளிநாட்டு வாங்குபவரோடு டீம்ஸில் பேசும்போது காலை 11 மணிக்குமேல் குரல் உடைகிறது. சுவிட்சில் நீங்கள் சொன்ன எல்லாம் செய்தோம். டிராப் கவுன்ட்டர் எல்லாப் போர்ட்டிலும் 0.

கவுன்ட்டரைப் பார்த்து எழுதியதற்கு நன்றி. விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சுவிட்சில் டிராப் 0 என்றால் நெரிசல் சுவிட்சில் இல்லை. உள்ளே ஜிகாபிட், 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 12 மைக்ரோ வினாடி போதும். வெளியே போகும் அப்லோடு உண்மையில் 10 எம்பிபிஎஸ் என்றால் அதே பாக்கெட்டுக்கு நூறு மடங்கு நேரம், 1.2 மில்லி வினாடி. அதற்கு முன்னால் மெயில் இணைப்பும் பேக்கப்பும் 200 பாக்கெட்டாக நின்றால் கால் வினாடி போயிற்று. ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 சொல்லும் அளவு.

இந்த வரிசை நிற்பது இணைய நிறுவனத்தின் பெட்டிக்குள். அதன்மேல் உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதனால் வரிசையை உங்கள் ரவுட்டருக்கு இழுத்து வர வேண்டும். வேலை நேரத்தில் அப்லோடு வேகத்தை நாலைந்து முறை அளந்து, கிடைத்ததில் குறைந்ததற்குப் பத்து சதவீதம் கீழே ஷேப்பிங் (வேக வரம்பு) வையுங்கள். 45 கிடைத்தால் 40. கொஞ்சம் விட்டுக்கொடுத்தது போலத் தோன்றும். ஆனால் இப்போது யார் முன்னால் போவது என்பதை முடிவு செய்வது நீங்கள். ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுங்கள். வெளியே போனபின் உங்கள் 46-ஐ இணைய நிறுவனம் மதிக்கும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் அழித்துவிடுவார்கள்.

டீம்ஸ் நிர்வாகப் பக்கத்தில் க்யூஓஎஸ் வசதியை ஆன் செய்தால் ஆடியோவுக்கு 50000 முதல் 50019 வரையிலான போர்ட் எண்களை (கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) எடுத்துக்கொள்ளும். ரவுட்டரில் குரலை அடையாளம் காண அது போதும்.

அவிநாசி, கணினி விற்பனையாளர்: ஃப்ளோ கன்ட்ரோல் ஆனா, ஆஃபா?

க்யூஓஎஸ் போட்டிருந்தால் ஆஃப். ஃப்ளோ கன்ட்ரோல் அனுப்பும் 802.3எக்ஸ் நிறுத்தச் சைகை வந்தால் குரல், குப்பை என்று பார்க்காமல் அந்தப் பாதை முழுவதும் நிற்கும்.

சூலூர், ஸ்பின்னிங் மில்: டிஎஸ்சிபி-யையே நம்பச் சொல்கிறீர்கள். புது மெஷின் லைனில் ப்ரொஃபிநெட் (மெஷின்கள் பேசிக்கொள்ளும் தொழிற்சாலை நெட்வொர்க்). எல்லாப் போர்ட்டிலும் டிஎஸ்சிபி ட்ரஸ்ட் போட்டோம். மெஷின் அவ்வப்போது கம்யூனிகேஷன் ஃபால்ட் காட்டி நிற்கிறது.

நல்ல கேள்வி. மேலே "ஆபீஸ் நெட்வொர்க் என்றால்" என்று நான் போட்ட நிபந்தனை இதற்காகத்தான். ப்ரொஃபிநெட்டின் நிகழ்நேரச் செய்தியில் ஐபி தலைப்பே கிடையாது. ஐபி இல்லாத இடத்தில் டிஎஸ்சிபி எங்கிருந்து வரும்? அது விலேன் எண் 0, ப்ரியாரிட்டி 6 என்ற டேக்கோடு வெறும் ஈதர்நெட் சட்டமாக வருகிறது. அந்தப் போர்ட்டுகளில் சிஓஎஸ் ட்ரஸ்ட் போடுங்கள். விலேன் 0 டேக்கைச் சுவிட்ச் அப்படியே கடத்துகிறதா என்றும் பாருங்கள், சில சாதாரணச் சுவிட்சுகள் அதைச் சரியாகக் கையாளுவதில்லை.

பொதுவாக 3 சுற்று தவறினாலே மெஷின் ஃபால்ட் அடிக்கும், ஒரு சுற்று சில மில்லி வினாடிதான். ஆகவே ஆபீஸ் கேமராவையும் மெஷின் லைனையும் ஒரே சுவிட்சில் கட்டாதீர்கள். இன்வெர்ட்டர் டிரைவின் பவர் கேபிளோடு டேட்டா கேபிளை ஒரே டிரேயில் ஓட்டியிருந்தால் அதையும் பிரியுங்கள். சிஆர்சி எண்ணைப் பாருங்கள். ஆமாம், மறுபடியும் கவுன்ட்டர்தான்.

நாமக்கல், கோழித் தீவன நிறுவனம்: போனுக்கெல்லாம் தனி வாய்ஸ் விலேன் பிரித்தாகிவிட்டது. இனி க்யூஓஎஸ் தேவையில்லைதானே?

தேவை. விலேன் என்பது சுவர், ப்ரியாரிட்டி இல்லை. பத்து விலேனும் கடைசியில் ஒரே அப்லிங்க் கம்பியில்தான் ஏறுகின்றன, அங்கே வரிசை ஒன்றே. சில சுவிட்சுகளில் வாய்ஸ் விலேன் போட்டதும் சிஓஎஸ்ஸும் சேர்ந்தே உயரும், சிலவற்றில் நீங்கள்தான் போட வேண்டும். எல்எல்டிபி மெட் ஆன் செய்தால் விலேன் எண்ணையும் 46-ஐயும் சுவிட்சே போனுக்குச் சொல்லிக்கொடுக்கும், ஒவ்வொரு போனாகப் போய் உட்கார வேண்டாம். போனுக்குப் பின்னால் செருகிய கம்ப்யூட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதன் முத்திரையை 0 ஆக்கிவிடுங்கள். 46 என்று தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன.

சத்தியமங்கலம், கல்லூரி மாணவர்: ப்ரியாரிட்டி 8 இருக்கிறது, எங்கள் லேப் சுவிட்சில் க்யூ 4 தான். மீதி 4 எங்கே போகும் சார்?

பெரும்பாலும் ஒரு க்யூவில் இரண்டு ப்ரியாரிட்டியாகச் சேர்ந்து நிற்கும் கண்ணு. எது எதோடு சேர்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேப்பைப் படி. வேலைக்குப் போனபின் 4 க்யூவே அதிகம் என்று தெரியவரும்.

கோவை சாய்பாபா காலனி, கிளினிக்: டேபிளில் இருக்கும் போன் அருமை. கையில் கொண்டுபோகும் வைஃபை போன் மட்டும் மோசம். இரண்டும் 46.

ஆக்சஸ் பாயின்ட் அந்த 46-ஐ எப்படி மொழிபெயர்க்கிறது என்று பாருங்கள். பல கருவிகள் முதல் 3 பிட்டை எடுத்து 5 ஆக்கும், வைஃபையில் 5 என்பது வீடியோ வரிசை. குரல் வரிசைக்கு 6 வேண்டும். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் எழுதப்பட்டது. மேப்பில் 46-க்கு 6 போடுங்கள். அது செய்தும் சரியாகவில்லை என்றால் சிக்னல் பலவீனம், சுவிட்சைத் திட்டாதீர்கள்.

கோபிசெட்டிபாளையம், அரிசி ஆலை: போன இதழில் நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஒரு மாதம் போன் கண்ணாடி போல இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போய் வந்த நாளிலிருந்து பழையபடி வெட்டுகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

சேவ் செய்தீர்களா?